வகுப்பை ஆராயும் வாத்தியார்: நீலகிரியில் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

குன்னூரில் மாதம் ஒரு சனிக்கிழமை நாங்கள் சிலர் கூடுவோம். ஐடிஐ பயிற்றுநர்கள், பாலிடெக்னிக் விரிவுரையாளர்கள், சமுதாயக் கல்லூரியில் தையலும் கணினியும் சொல்லித்தருகிறவர்கள் என்று, பள்ளிக்கூடம் முடித்த பிள்ளைகளுக்குத் தொழில் கற்றுக்கொடுக்கும் யாரும் வரலாம். தன் வகுப்பில் தானே சின்னதாக ஓர் ஆராய்ச்சி செய்து பார்ப்பது எப்படி என்பதுதான் பேச்சு. புதிதாக வருகிறவர் யாராக இருந்தாலும் முதல் டீ ஆறுவதற்குள் இதே கேள்விகளைத்தான் கேட்கிறார். ஃபிட்டர் பிரிவில் காலம் தள்ளியவன் நான். பதில் சொல்லும் வேலை எப்படியோ என் தலையில் விழுந்தது. சொல்லிச் சொல்லி அலுத்துப்போய் இப்போது எழுதிவைக்கிறேன். கேள்விகளை அவரவர் வாய்மொழியிலேயே விட்டிருக்கிறேன்.

1. ஆராய்ச்சின்னா பிஎச்.டி. படிச்சவங்க வேலை. நான் ஐடிஐ-ல இன்ஸ்ட்ரக்டர். எனக்கும் அதுக்கும் என்ன சார் சம்பந்தம்?

இந்த மலையில் இருந்துகொண்டு அப்படி நினைப்பதில் ஆச்சரியமில்லை. ஆராய்ச்சி என்றதும் நமக்கு ஞாபகம் வருவது 1907-லிருந்து இருக்கும் குன்னூர் பாஸ்டர் நிறுவனம். ஊட்டிப் பக்கம் போனால் முத்தோரையில் மலைச்சரிவோடு சரிவாக 530 மீட்டர் நீளத்துக்குப் படுத்திருக்கும் ரேடியோ தொலைநோக்கி. அதே முத்தோரையில் உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையம். கேட்டும் பெயர்ப்பலகையும் வாட்ச்மேனும் இருந்தால்தான் ஆராய்ச்சி என்று மனதில் பதிந்துவிட்டது.

நான் சொல்வது வேறு. குர்ட் லெவின் என்ற உளவியலாளர் 1946-ல் அமெரிக்காவில் செயலாராய்ச்சி பற்றி எழுதினார். ஒன்றைத் திட்டமிடு, செய், என்ன ஆனது என்று பார், பார்த்ததை வைத்து மறுபடி திட்டமிடு. லாரன்ஸ் ஸ்டென்ஹவுஸ் என்ற கல்வியாளர் 1970-களில் இங்கிலாந்தில், வகுப்பில் நிற்கிற ஆசிரியரேதான் வகுப்பை ஆராய வேண்டும் என்று வாதாடினார். ஆராய்ச்சி என்றால் என்ன என்பதற்கு அவர் சொன்னதன் சாரம் இதுதான்: ஒழுங்காகத் தேடு, தேடியதை நாலு பேர் பார்க்க வெளியே வை. பி.எட். படித்தவர்களுக்குச் செயலாராய்ச்சி பாடத்திலேயே வந்திருக்கும். பட்டறை வழியாகவோ பொறியியல் வழியாகவோ வந்த நம்மில் பலருக்கு அது காதில் விழாமலே போனது, அவ்வளவுதான்.

2. பேச்செல்லாம் சரி. ஒரு உதாரணம் சொல்லுங்க. என்னத்தை ஆராய்வது?

நுட்பமாக நீளம் அளக்கும் வெர்னியர் காலிப்பரையே எடுத்துக்கொள்கிறேன். அதில் அசையாத மெயின் ஸ்கேல் ஒன்று, அதன்மேல் நகரும் சின்ன வெர்னியர் ஸ்கேல் ஒன்று. லீஸ்ட் கவுண்ட், அதாவது அதால் அளக்க முடிகிற மிகச் சிறிய அளவு, 0.02 மில்லிமீட்டர் உள்ளது. ஒரு ஜாபின், அதாவது பையன் செய்து கொடுக்கும் பொருளின், சரியான அளவு 23.46 என்று வைத்துக்கொள்ளுங்கள். மெயின் ஸ்கேலில் 23. வெர்னியரில் 23-ஆவது கோடு ஒத்துப்போகிறது. அதை 0.02-ஆல் பெருக்கினால் 0.46. இரண்டையும் கூட்டினால் முடிந்தது. பையன் தப்பாக எழுதினால் நோட்டில் சிவப்புக் கோடு போட்டு “மறுபடி பாரு” என்பேன். பல வருடம் நான் செய்தது இவ்வளவுதான்.

ஒரு வருடம் அந்தத் தப்பான விடைகளை அழிக்கவிடாமல் ஒரு தனி நோட்டில் குறித்துக்கொண்டே வந்தேன். இரண்டு வாரத்தில் பார்த்தால், தப்புகள் கண்டபடி சிதறிக் கிடக்கவில்லை. இரண்டு மூன்று குடும்பங்களாகப் பிரிந்து நின்றன. 23.23 என்று எழுதியவன் 0.02-ஆல் பெருக்க மறந்தவன். 46.46 என்று எழுதியவன் கதை வேறு. வெர்னியரின் பூஜ்யம் எங்கே நிற்கிறது என்று பார்க்காமல், கோடுகள் ஒத்துப்போகும் இடத்துக்கு நேராக மெயின் ஸ்கேலில் என்ன இருக்கிறது என்று பார்த்திருக்கிறான். அங்கே சரியாக 46-தான் இருக்கும். அவன் கவனமாகவே பார்த்திருக்கிறான், பார்த்த இடம்தான் தப்பு. அவனைத்தான் நான் இத்தனை வருடம் “கவனம் இல்லாதவன்” என்று திட்டிக்கொண்டிருந்தேன்.

அடுத்த பேட்ச் வந்தபோது, வெர்னியரின் பூஜ்யக் கோட்டில் மட்டும் சிவப்பு நெயில் பாலிஷால் ஒரு பொட்டு வைத்து முதல் வாரம் பழக்கினேன். (நெயில் பாலிஷ் வீட்டில் எடுத்தது. அதற்கு வாங்கிய பேச்சு தனி.) மறுபடியும் தப்புகளைக் குறித்தேன். 46.46 வகை நன்றாகக் குறைந்திருந்தது. 23.23 வகை அசையவே இல்லை. ஒரு கேள்வி, ஒரு பதிவு, ஒரு மாற்றம், மறுபடி பதிவு. இதைத்தான் ஆராய்ச்சி என்கிறேன்.

3. இதைத்தானே சார் நாங்க தினமும் செய்யறோம்? பசங்களுக்குப் புரியலைன்னா வேற மாதிரி சொல்லித் தரோம். இதுக்குப் போய் ஆராய்ச்சின்னு ஒரு பேரா?

முக்கால்வாசி செய்கிறீர்கள், உண்மைதான். விட்டுப்போகிற கால்வாசி, எழுதிவைப்பது. நம் ஞாபகம் நமக்குச் சாதகமாகவே சாட்சி சொல்லும். புதிதாக ஒன்றைச் செய்த அன்று பளிச்சென்று பதில் சொன்ன இரண்டு பேரின் முகம் நிற்கும், பின்வரிசையில் பேசாமல் இருந்த ஆறு பேர் மறந்துபோவார்கள். நோட்டுக்கு அந்தப் பாரபட்சம் கிடையாது. எழுதியதை இன்னொரு வாத்தியாரிடம் காட்ட வேண்டும் என்பதும் உண்டு. அவர் “இதுக்கு வேற காரணம் இருக்கலாமே” என்று கேட்பார். வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் அது குடையும். அந்தக் குடைச்சல் நல்லது.

4. கேள்வியை எப்படிப் பிடிக்கிறது? எனக்கு எல்லாமே பிரச்சினையாத்தான் தெரியுது.

முதல் கூட்டத்தில் எல்லோரும் கொண்டுவருவது கேள்வி அல்ல, புலம்பல். “இந்தக் காலத்துப் பசங்களுக்கு அக்கறையே இல்லை” என்பார்கள். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். புலம்பலுக்குள் ஒரு கேள்வி ஒளிந்திருக்கும், அதை உரித்து எடுக்க வேண்டும். அக்கறை இல்லை என்பதை எதைப் பார்த்துச் சொல்கிறீர்கள்? முதல் பீரியடுக்குத் தாமதமாக வருகிறார்கள். யார் யார்? எந்தெந்தக் கிழமை? ஒரு மாதம் குறித்துப் பாருங்கள். சேரம்பாடி, தேவாலா பக்கத்திலிருந்து வருகிறவர்கள் மட்டும் ஒரே நேரத்தில் கும்பலாக வருகிறார்கள் என்று தெரிந்தால், விஷயம் அக்கறை அல்ல, பஸ். யானை வழியில் நின்ற நாட்களும் அதில் வரும்.

பஸ்ஸை நீங்கள் மாற்ற முடியாது. ஆனால் முதல் பீரியடில் புதுப் பாடம் நடத்தாமல் நேற்றைய வேலையை முடிக்க வைக்கலாமா என்பது உங்கள் கையில் இருக்கிறது. அதுதான் உங்கள் கேள்வி. நான் சொல்லும் அளவுகோல் இரண்டு: ஒரு வரியில் எழுத முடிய வேண்டும், பதில் தெரிந்தால் அடுத்த வாரமே நீங்கள் ஏதாவது ஒன்றை மாற்றிச் செய்ய முடிய வேண்டும்.

5. நேரம்? அட்மிஷன், அட்டெண்டன்ஸ் அப்லோட், நான் முதல்வன், பரீட்சை… எங்கே சார் நேரம்?

நேரம் இல்லை என்பது சாக்கு அல்ல, உண்மை. அதனால்தான் தனியாக எதையும் ஆரம்பிக்காதீர்கள் என்கிறேன். எப்படியும் திருத்தப்போகிற நோட்டு, எப்படியும் எடுக்கப்போகிற வருகைப்பதிவு, எப்படியும் மதிப்பெண் போடப்போகிற ஜாப், இவற்றிலிருந்தே எடுங்கள். தப்புகளைக் குறிக்க எனக்கு ஆனது வகுப்பு முடிந்தபின் பத்து நிமிடம். ஒரு பருவத்துக்கு ஒரு கேள்வி போதும்.

நம் ஊருக்கென்று ஒன்று உண்டு: மழையைப் பார்த்து நாள் குறியுங்கள். கூடலூர், பந்தலூர்க்காரர்கள் தென்மேற்குப் பருவமழை நேரத்தில், ஜூன் முதல் செப்டம்பர் வரை, ஆரம்பித்தால் கலெக்டர் விடுமுறை விட்டே பாதிப் பதிவு போய்விடும். குன்னூர், கோத்தகிரிக்கு அந்தத் தொல்லை அக்டோபர், நவம்பரில். மண்சரிவு ஆகி சாலை அடைத்தால் ஒரு வாரம் காலி. ஊட்டியில் ஜனவரிக் காலை உறைபனியில் விரல் விறைத்திருக்கும்போது செய்முறை வேகத்தை அளக்காதீர்கள். மே மாதம் மலர்க்கண்காட்சி சீசனில் பாதிப் பேர் கடையிலோ லாட்ஜிலோ வேலைக்குப் போயிருப்பார்கள்.

6. எங்ககிட்ட லேப், லைப்ரரி ஒண்ணும் இல்லையே?

1918-ல் இதே குன்னூரில், பாஸ்டர் நிறுவனத்துக்குள் ஓர் ஒற்றை அறையில், சத்துக்குறைவால் வரும் பெரிபெரி நோயைப் பற்றிய விசாரணை தொடங்கியது. அது வளர்ந்து 1958-ல் ஹைதராபாத்துக்குப் போய், இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக நிற்கிறது. நமக்கு அந்த ஒற்றை அறைகூட வேண்டாம், வகுப்பறையே இருக்கிறது.

படிக்க வேண்டுமென்றால் போனே போதும். இந்தியப் பல்கலைக்கழகங்களின் ஆய்வேடுகள் ஷோத்கங்கா இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஐடிஐ பாடத்திட்டமும் கேள்வி வங்கியும் பாரத் ஸ்கில்ஸ் தளத்தில் இருக்கின்றன. ஆனால் படித்துவிட்டுத்தான் தொடங்குவேன் என்று உட்காராதீர்கள். அப்படி உட்கார்ந்தவர் ஒருவரும் எழுந்ததாக நான் பார்க்கவில்லை.

7. என் யூனிட்ல இருபது பேர்தான். இருபது பேரை வெச்சு என்ன ஆராய்ச்சி?

தமிழ்நாட்டு ஐடிஐ மாணவர்கள் எல்லோரைப் பற்றியும் சொல்லப்போவதாக இருந்தால் போதாது. உங்கள் யூனிட்டைப் பற்றிச் சொல்வதற்குத் தாராளம். ஒரே ஒரு வேண்டுகோள்: சதவீதம் போடாதீர்கள். இருபது பேரில் மூன்று பேர் கூடுதலாகத் தேறினால் “15 சதவீதம் உயர்வு” என்று எழுதத் தோன்றும். “மூன்று பேர்” என்றே எழுதுங்கள். படிக்கிறவருக்கு உடனே சரியான அளவு புரியும், நமக்கும் தலைக்கனம் ஏறாது. அதோடு, சிறிய எண்ணிக்கையில் ஒரு வசதி உண்டு. ஆயிரம் பேரை ஆராய்கிறவரால் ஒவ்வொருவரிடமும் “ஏன் இப்படி எழுதினே?” என்று கேட்க முடியாது. நம்மால் முடியும்.

8. முன்னேற்றம் வந்தா, அது நான் செஞ்ச மாற்றத்தாலதான்னு எப்படிச் சொல்ல முடியும்?

கேட்க வேண்டிய கேள்வி இதுதான். பலர் கேட்பதே இல்லை. பெண்களுக்கு மாதம் 1000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பரில் வந்தது. பையன்களுக்கான தமிழ்ப் புதல்வன் 2024 ஆகஸ்டில். அந்த நேரத்தில் உங்கள் வகுப்பில் வருகை கூடியிருந்தால், அது நீங்கள் புதிதாகக் கொண்டுவந்த குழு விளையாட்டால் கூடியதா, ஆயிரம் ரூபாயால் கூடியதா? பிள்ளைகளிடம் கேட்டால் அவர்களே சொல்லிவிடுவார்கள்.

இரண்டாவது, கவனிக்கப்படுகிறோம் என்று தெரிந்தாலே மனிதர்கள் மாறுவார்கள். சிகாகோ அருகே ஹாதோர்ன் தொழிற்சாலையில் 1920-களில் வெளிச்சத்தைக் கூட்டினாலும் உற்பத்தி ஏறியது, குறைத்தாலும் ஏறியது என்று ஒரு கதை உண்டு. பின்னாளில் அந்தக் கணக்குகளைத் திரும்பப் பார்த்தவர்கள், விஷயம் அவ்வளவு சுத்தமாக இல்லை என்றார்கள். இருந்தாலும் எச்சரிக்கை எச்சரிக்கைதான். மூன்றாவது, மிக மோசமாகப் போன ஒரு டெஸ்ட்டுக்குப் பிறகு எதைச் செய்தாலும், எதுவும் செய்யாவிட்டாலும்கூட, அடுத்தது கொஞ்சம் மேலே வரும். ஆகவே மோசமான ஒரே நாளை ‘முன்பு’ என்று வைத்துக்கொள்ளாதீர்கள், மூன்று நான்கு தடவை எடுங்கள்.

முழு நிச்சயம் கிடைக்காது. ஆனால் ஒரு வழி உண்டு. 2-ஆம் கேள்வியில் 46.46 குறைந்தது, 23.23 அசையவில்லை என்றேன் அல்லவா? பொட்டு வைத்தது பூஜ்யத்தைப் பார்க்க வைக்கத்தான், பெருக்கலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பையன்களுக்குப் பொதுவாக உற்சாகம் வந்திருந்தால் இரண்டு தப்பும் குறைந்திருக்க வேண்டும். ஒன்று மட்டும் குறைந்ததால்தான் பொட்டின் மேல் எனக்குக் கொஞ்சம் நம்பிக்கை வந்தது. உங்கள் மாற்றம் தொடக்கூடாத ஒன்றையும் சேர்த்து அளந்துவையுங்கள்.

9. நான் நினைச்சது தப்புன்னு வந்துடுச்சு சார். இப்ப இதை எழுதறதா, விட்டுடறதா?

எழுதுங்கள். எங்கள் கூட்டத்தில் அதிகம் பேசப்பட்டதே அப்படி ஒரு தோல்விதான். கூடலூர்ப் பக்கம் ஒரு வெல்டிங் பயிற்றுநர். ஜூலை வந்தால் பிள்ளைகள் போடும் பீடில் (வெல்டிங் வரியில்) புளோ ஹோல் புளோ ஹோலாக, அதாவது சின்னச் சின்ன ஓட்டையாக வரும். ஆர்க்கை (ராடு நுனிக்கும் பிளேட்டுக்கும் நடுவே எரியும் மின்பொறியை) நீளமாகப் பிடிக்கிறார்கள், கை இன்னும் பழகவில்லை என்று முடிவுகட்டி, ஆர்க் இடைவெளிக்கு மட்டும் இரண்டு வாரம் தனிப் பயிற்சி கொடுத்தார். நீளமான ஆர்க்கால் ஓட்டை வரும் என்பது புத்தகப்படி சரிதான். ஆனால் ஓட்டைகள் குறையவில்லை. எரிச்சலில் மாஸ்க்கை வாங்கித் தானே ஒரு பீடு ஓட்டினார். அவருக்கும் ஓட்டை.

அப்புறம்தான் உருக்கி ஒட்டும் வெல்டிங் ராடைப் பார்த்தார். பெட்டி பிரித்து வாரக்கணக்கில் திறந்த அலமாரியில் கிடந்தது, வெளியே விடாத மழை. மேல்பூச்சு ஈரத்தை இழுத்துக்கொண்டால், ஆர்க்கின் சூட்டில் அந்த நீர் வாயுவாகி உருகிய உலோகத்துக்குள் மாட்டிக்கொள்ளும். ஒரே பையன், ஒரே பிளேட், ஒரே கரண்ட். திறந்து கிடந்த ராடில் ஒரு பீடு, ஓவனில் காயவைத்த ராடில் ஒரு பீடு. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோது யாரும் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவருடைய அறிக்கை ஒன்றரைப் பக்கம். முதல் வரி: “பிள்ளைகளின் கை சரியில்லை என்று நினைத்தேன், அது தப்பு.” அந்த வரியைப் படித்தபோது அறையில் ஒரு நிமிடம் யாரும் பேசவில்லை. எல்லோருக்கும் அவரவர் பட்டறையில் யாரையோ திட்டியது ஞாபகம் வந்திருக்கும்.

10. பசங்ககிட்ட அனுமதி வாங்கணுமா? என் வகுப்பு, என் பசங்கதானே?

உங்கள் பாடத்தைச் சரிசெய்துகொள்ள அவர்கள் நோட்டைப் பார்ப்பது உங்கள் வேலை, அதற்கு அனுமதி வேண்டாம். அதை வெளியே சொல்லப்போகிறீர்கள் என்றால் கேளுங்கள். ஐடிஐ-யில் 14 வயதிலேயே சேர்கிறார்கள். தனிநபர் தரவுகள் பற்றிய 2023-ஆம் ஆண்டுச் சட்டம் 18 வயது ஆகாதவரைக் குழந்தை என்றே கணக்கில் எடுக்கிறது. ஆகவே பெற்றோரிடமும் சொல்லிவிடுங்கள், அவர்களுக்குப் புரியும் மொழியில், ஒரு பக்கத் தாளில். போட்டோவும் பெயரும் வாட்ஸ்அப் குழுவுக்குப் போகக் கூடாது.

சட்டத்தைவிட நுணுக்கமானது ஒன்று உண்டு. உள்மதிப்பெண் போடுகிற கை நம்முடையது. “உனக்குச் சம்மதமாப்பா?” என்று நாம் கேட்டால் எந்தப் பையன் மாட்டேன் என்பான்? எனவே சம்மதத்தை வேறொரு பிரிவு வாத்தியார் வாங்கட்டும். கருத்துக் கேட்கும் தாளில் பெயர் வேண்டாம்.

11. எங்க வகுப்புல பழங்குடிப் பிள்ளைங்க இருக்காங்க, பாதியில நின்னுடறாங்க. ஏன்னு ஆராயலாமா?

ஆராயலாம். ஆனால் கேள்வியை ஒருமுறை திருப்பிப் போட்டுப் பாருங்கள். இந்த மலையின் பழங்குடியினர் ஆராயப்பட்டது கொஞ்சநஞ்சமல்ல. டபிள்யூ.எச்.ஆர். ரிவர்ஸ் என்ற மானிடவியலாளர் 1901-02-ல் வந்து தோடர்களைப் பற்றி எழுதினார். 1930-களில் மரே எமனோ என்ற மொழியியலாளர் கோத்தர், தோடர் மொழிகளைப் பதிவுசெய்தார். நம் ஊட்டி எம்.பாலாடாவிலேயே பழங்குடியினர் ஆய்வு மையம் இருக்கிறது. நோட்டோடு ஒருவர் வருவதும் போவதும் அவர்களுக்குப் பழகிப்போன காட்சி. “பணியர் பிள்ளைகள் ஏன் நிற்கிறார்கள்” என்று கேட்டால் காரணத்தை அவர்கள் வீட்டில் தேடப் போவோம். “நம் வகுப்பில் எந்த வாரத்தில், எதற்குப் பிறகு நிற்கிறார்கள்” என்று கேட்டால் நம் பக்கம் பார்ப்போம். நம்மால் மாற்ற முடிந்தது அதுதான் (4-ஆம் கேள்வி).

பெயரை மறைப்பது இங்கே லேசில்லை. இருபது பேரில் ஒரே ஒரு தோடர் பெண் இருக்கும்போது “ஒரு தோடர் மாணவி” என்று எழுதினால் பெயரையே எழுதியது மாதிரி. அடுத்த பஸ் ஊர் சேர்வதற்குள் விஷயம் மந்துக்கு, அதாவது தோடர் குடியிருப்புக்குப் போய்விடும். இனம், ஊர், ஹட்டி (படுகர் ஊர்), எஸ்டேட் எல்லாவற்றையும் எடுத்துவிட்டும் உங்கள் வாதம் நிற்கிறதா என்று பாருங்கள். நிற்காவிட்டால் அந்தப் பகுதியை வெளியிடாதீர்கள்.

12. தமிழ்ல எழுதினா மதிப்பாங்களா?

யார் மதிப்பதற்காக எழுதுகிறீர்கள்? பக்கத்துப் பிரிவு வாத்தியார் படிக்கத்தானே? அவர் தமிழில்தான் படிப்பார். பட்டறையில் சொல்கிற சொல்லையே போடுங்கள்.

சொல்லப்போனால் மொழியே நல்ல ஆராய்ச்சிப் பொருள். வீட்டில் படுகு, மலையாளம், கன்னடம், இலங்கையிலிருந்து திரும்பிவந்த குடும்பங்களின் தமிழ் என்று ஒரே பெஞ்சில் நாலு பேச்சு. பட்டறையில் எல்லோரும் “ரெசிஸ்டன்ஸ்” என்கிறோம், தமிழ்ப் பாடப்புத்தகம் திறந்தால் “மின்தடை”. ஒரு எலக்ட்ரீஷியன் பயிற்றுநர் ஒரே கேள்வியை இரண்டு சொல்லிலும் கேட்டுப் பார்த்தார். ஒன்றில் விடை எழுதிய பிள்ளைகள் சிலர் மற்றதில் இடத்தை வெறுமையாக விட்டிருந்தார்கள். பாடம் தெரியும், சொல் தெரியாது. இப்போது அவர் வகுப்புச் சுவரில் இரண்டு சொல்லும் பக்கத்தில் பக்கத்தில் தொங்குகின்றன.

13. மூவாயிரம் கட்டினா ஒரே வாரத்துல இன்டர்நேஷனல் ஜர்னல்ல போடறோம்னு வாட்ஸ்அப்ல வருது. போடலாமா?

வேண்டாம். நான் ஒருமுறை கட்டியவன். என் கட்டுரையில் ஒரு பத்தி இரண்டு முறை வந்திருந்தது. அப்படியே அச்சாகி, அழகான சான்றிதழும் வந்தது. யாரும் படித்துப் பார்க்கவே இல்லை என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். சான்றிதழ் இன்னும் வீட்டில் இருக்கிறது. நெயில் பாலிஷுக்கு அடுத்தபடியாக என் வீட்டார் சொல்லிச் சிரிப்பது அதைத்தான்.

ஐஎஸ்எஸ்என் எண் இருக்கிறதே என்பார்கள். அது இதழை அடையாளம் காட்டும் எட்டிலக்க எண், தரச்சான்று கிடையாது. யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) ஏற்கத்தக்க இதழ்களுக்கென்று வைத்திருந்த கேர் பட்டியலும் 2025 பிப்ரவரியில் கைவிடப்பட்டது. ஆகவே “யுஜிசி கேர் பட்டியலில் உள்ளோம்” என்று இப்போது யாராவது சொன்னால் போனை வைத்துவிடுங்கள். வெளியே வைப்பது என்று 1-ஆம் கேள்வியில் சொன்னேனே, அதற்கு ஜர்னல்தான் வேண்டும் என்றில்லை. ஸ்டாஃப் ரூமில் பத்து நிமிடம் பேசி, இரண்டு பக்கம் ஜெராக்ஸ் கொடுத்தால் போதும்.

14. பதவி உயர்வு, இன்க்ரிமெண்ட் ஏதாவது…?

எனக்குக் கிடைக்கவில்லை.

15. எழுதறதை ஏஐ-கிட்டக் கொடுத்துடலாமா?

எழுத்துப்பிழை பார்க்க, வாக்கியத்தைச் சரிசெய்யக் கொடுங்கள். பிள்ளைகளின் பெயரோ மதிப்பெண்ணோ அதற்குள் போகக் கூடாது. “மேற்கோள் நூல்கள் தா” என்று கேட்காதீர்கள், இல்லாத புத்தகத்தையும் இருப்பதாகச் சொல்லும். உங்கள் பட்டறையில் என்ன நடந்தது என்பது அதற்குத் தெரியாது. தெரிந்த மாதிரி எழுதும், அதுதான் ஆபத்து.

16. நான் முதல்வர். என் ஆசிரியர்களை இதுல எப்படிக் கொண்டுவர்றது? சுற்றறிக்கை போட்டா செய்வாங்களா?

செய்வார்கள். மார்ச் 28-ஆம் தேதி எல்லோரும் ஒரே மாதிரி பத்துப் பக்கம் கொடுப்பார்கள், ஒருவர் எழுதியதைப் பார்த்து மற்றவர் எழுதியது. அதற்கு “மாணவர்களிடையே ஆர்வமின்மைக்கான காரணங்கள்” என்று தலைப்பு இருக்கும். படிவம் போட்ட மறுநாளே ஆராய்ச்சி செத்துவிடும் என்பது நான் பல இடங்களில் பார்த்தது.

மூன்று வேலை செய்யுங்கள் சார். முதலில், விருப்பப்பட்டு வருகிற இரண்டு பேருக்கு வாரம் ஒரு பீரியடை விடுவியுங்கள், அந்தப் பீரியடுக்கு ஆள் போடாமல் “நேரம் கண்டுபிடிச்சுக்கோங்க” என்று சொல்லாதீர்கள். அந்த இரண்டு பேர் வெவ்வேறு பிரிவாக இருந்தால் நல்லது. வெல்டரின் வகுப்பில் எலக்ட்ரீஷியன் உட்கார்ந்தால், வெல்டருக்குப் பழகிப்போய்க் கண்ணில் படாதது அவருக்குப் படும். அடுத்தது, அவர்கள் எழுதியதை நீங்களே படியுங்கள். படித்துவிட்டு ஒரு கேள்வி கேளுங்கள், பாராட்டு அப்புறம். மேலதிகாரி படிக்கிறார் என்று தெரிந்தாலே எழுதுகிற விதம் மாறும்.

கடைசியாகச் சொல்வதுதான் கஷ்டமானது. ஆராய்ச்சியில் வெளிவருகிற குறையை அந்த ஆசிரியருக்கு எதிராகப் பயன்படுத்தாதீர்கள். 9-ஆம் கேள்வியில் சொன்ன வெல்டிங் பயிற்றுநரிடம் “அப்ப இத்தனை வருஷம் ராடை ஏன் வீணாக்குனீங்க?” என்று ஒரு மெமோ போயிருந்தால், அந்த வளாகத்தில் இனி யாரும் உண்மையை எழுதமாட்டார்கள். ரிசல்ட் சதவீதத்துக்கும் இதற்கும் முடிச்சுப் போடவும் வேண்டாம்.

பள்ளிக்குப் பிந்தைய தொழிற்கல்லூரி ஆசிரியர்களுக்கென்றே இங்கிலாந்தில் சண்டர்லேண்ட் பல்கலைக்கழகம் ஒரு திட்டம் நடத்தியது. வேலையில் இருந்துகொண்டே, தங்கள் வகுப்பறைச் சிக்கலையே எடுத்து ஆராய்ந்து எம்.ஃபில். பெறலாம். அந்த மாதிரி நமக்கு வர நாளாகலாம். ஒரு பீரியட் விடுவிக்க நாளாகாது.

17. எங்க முதல்வர் இந்த மாதிரி இல்லையே! நிறுவனத்தோட குறையை வெளியே சொல்றேன்னு கோபப்பட்டா?

அவரிடம் “ஆராய்ச்சி” என்ற சொல்லோடு போகாதீர்கள். “இந்தப் பயிற்சியில் பிள்ளைகள் எங்கே தடுமாறுகிறார்கள் என்று குறித்துப் பார்க்கிறேன் சார், உங்களிடம்தான் முதலில் காட்டுவேன்” என்று சொல்லுங்கள். சொன்னபடி முதலில் காட்டுங்கள். வெளியில் பேசும்போது நிறுவனத்தின் பெயர் வேண்டாம். இதற்கும் ஒத்துக்கொள்ளாவிட்டால் உங்கள் நோட்டை யாரும் பிடுங்கப்போவதில்லை, உங்கள் வகுப்புக்கு மட்டும் செய்துகொள்ளுங்கள்.

18. சரி சார், திங்கட்கிழமை வகுப்புக்குப் போறேன். முதல்ல என்ன செய்யட்டும்?

ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். அன்று எந்தப் பயிற்சி வருகிறதோ அதில் தப்பாகப் போன விடைகளை, அளவுகளை, ஜாபுகளை அப்படியே குறியுங்கள். தேதி போடுங்கள், மழையா வெயிலா என்றும் ஒரு சொல். யார் என்பதற்கு ஒரு எண் போதும், பெயர் வேண்டாம். இரண்டு வாரம் எதையும் மாற்றாதீர்கள். இதுதான் வாத்தியாருக்கு ரொம்பக் கஷ்டம், கை துறுதுறுக்கும். பிறகு அதை எடுத்துக்கொண்டு குன்னூருக்கு வாருங்கள், டீ எங்கள் செலவு.

19. ஒரு சின்ன சந்தேகம். எங்க ஊர் மழைக்கு நோட்டெல்லாம் பூஞ்சை பிடிச்சுடுது. எங்கே வைக்கிறது?

கூடலூர் வெல்டிங் பயிற்றுநரிடம் இதைக் கேட்டேன். ராடு காயவைக்கும் ஓவன் மேல் வைத்திருக்கிறாராம். உள்ளே இல்லை, மேலே.